பத்தாம் வகுப்புக்குப் பின்: கட்டாயப் பாடமும் விருப்பப் பாடமும்

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே செல்லும் தேசிய நெடுஞ்சாலை நெய்யாற்றின்கரை, அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை ஆகிய ஊர்களைக் கடந்து களியக்காவிளையில் தமிழ்நாட்டினுள் நுழைகிறது. எல்லையைத் தாண்டியதும் கடைப்பலகைகளில் எழுத்து மாறிவிடுகிறது. பேச்சு அவ்வளவு விரைவில் மாறுவதில்லை. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தில் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. கோடு வரையப்பட்ட பின்னரும் வணிகத்துக்கும் வேலைக்குமாகக் குடும்பங்கள் இப்பக்கம் வந்துகொண்டே இருந்தன. அக்குடும்பங்களின் பிள்ளைகள் வீட்டில் தமிழும், தெருவில் மலையாளமும், வகுப்பறையில் ஆங்கிலமும் பேசி வளர்கின்றனர்.

இப்பிள்ளைகள் பத்தாம் வகுப்பை முடிக்கும்போது ஒரு முடிவை எடுக்க வேண்டியுள்ளது. மத்தியப் பள்ளியிலேயே பதினோராம் வகுப்பைத் தொடரலாம். கேரள அரசின் மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் ஒன் சேரலாம். எல்லை கடந்து தமிழ்நாட்டுப் பள்ளிக்கும் செல்லலாம். எந்தப் பள்ளியில் சேர்ந்தாலும் எந்தெந்தப் பாடங்களைப் படிப்பது என்னும் வினா எழும். இக்காலத்தில் அதனோடு இன்னொரு வினாவும் சேர்ந்துள்ளது. பள்ளியில் இல்லாத பாடத்தை இணையவழியில் படிக்கலாமா, படித்தால் அது கணக்கில் வருமா என்பதே அது.

கட்டாயப் பாடம் என்பது அனைவரும் படித்தே ஆகவேண்டிய பாடம். விருப்பப் பாடம் என்பது மாணவர் தாமே தேர்ந்தெடுப்பது. இந்த வேறுபாடு எளிதாகத் தோன்றினாலும், மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பாடப்பட்டியலைப் பார்ப்பவர் சற்றே குழம்புவர். அதில் ஆங்கிலம் இருமுறை வருகிறது. 301 என்னும் எண்ணுடையது ‘இங்கிலீஷ் கோர்’. 001 என்னும் எண்ணுடையது ‘இங்கிலீஷ் எலக்டிவ்’. இந்திக்கும் அவ்வாறே 302, 002 என இரு எண்கள் உள்ளன. இங்கு ‘கோர்’ என்பது கட்டாயம் என்னும் பொருளில் வரவில்லை. படித்தறிதல், எழுதுதல் முதலிய மொழித்திறன்களுக்கு முதன்மை தரும் பாடம் அது. ‘எலக்டிவ்’ என்பது இலக்கியத்துக்கு மிகுதியான இடம் தருவது. ஒரே மொழியை இரண்டு வகையிலும் எடுக்க வாரியம் அனுமதிப்பதில்லை. கணினி அறிவியல் (083), தகவலியல் செயல்முறை (065) ஆகிய இரண்டில் ஒன்றையே எடுக்கலாம் என்பதும் இத்தகைய விதியே. கணிதம் (041), பயன்பாட்டுக் கணிதம் (241) ஆகியவையும் அப்படியே. பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்யும் மாணவர் இவ்விடத்தில் தவறிவிடுவர். எண்ணையும் பார்த்தல் வேண்டும். தமிழுக்குப் பத்தாம் வகுப்பில் 006, பன்னிரண்டாம் வகுப்பில் 106.

இவ்வாரியத்தில் பதினோராம் வகுப்பு மாணவர் ஐந்து பாடங்களைப் படிக்கின்றனர். அவற்றுள் ஒன்று ஆங்கிலமாகவோ இந்தியாகவோ இருத்தல் வேண்டும். விரும்பினால் ஆறாவதாக ஒரு பாடத்தைக் கூடுதலாக எடுக்கலாம். இந்த ஆறாம் பாடத்தைச் சுமை என்றே பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது ஒரு காப்பு. முதன்மைப் பாடங்களுள் ஒன்றில் தேர்ச்சி தவறினால், விதிகளுக்கு உட்பட்டு ஆறாம் பாடம் அதன் இடத்தை நிரப்பக்கூடும். இயற்பியல், வேதியியல், கணிதம் என அறிவியல் பிரிவில் சேர்ந்த மாணவர் ஒருவர் தமிழையும் விடாமல் தொடர விரும்பினால், அவருக்கு ஏற்ற இடம் பெரும்பாலும் இந்த ஆறாவது இடமே. ஆனால் பட்டியலில் தமிழ் இருப்பதும் பள்ளியில் தமிழ் இருப்பதும் ஒன்றல்ல. வாரியம் அனுமதித்தாலும் ஆசிரியரும் போதிய மாணவரும் இருந்தால்தான் பள்ளியில் அப்பாடம் நடைபெறும்.

கணிதத்தைப் பற்றிய முடிவு பத்தாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது. 2019-20 கல்வியாண்டு முதல் இவ்வாரியத்தின் பத்தாம் வகுப்பில் ‘ஸ்டாண்டர்டு’, ‘பேசிக்’ என்னும் இரு நிலைகளில் கணிதத் தேர்வு நடைபெறுகிறது. பாடத்திட்டம் இரண்டுக்கும் ஒன்றே. வினாத்தாளின் கடினம் மட்டுமே வேறு. மேல்வகுப்பில் கணிதத்தைத் தொடர எண்ணாதவர்க்காக ஏற்பட்டதே ‘பேசிக்’ நிலை. மதிப்பெண் கூடும் என்று கருதி அதைத் தேர்பவர், பின்னர்க் கணிதம் உள்ள பிரிவை நாடும்போது தடையைச் சந்திக்கலாம். ஆகவே தேர்வுக்குப் பதிவு செய்யும் நாளிலேயே அவ்வாண்டின் விதியைப் பள்ளியில் கேட்டறிவது நல்லது.

கேரளப் பிளஸ் ஒன் வேறு வகையில் அமைந்தது. அங்கு முதற்பகுதி ஆங்கிலம். இரண்டாம் பகுதி ஒரு மொழி. மூன்றாம் பகுதி நான்கு பாடங்கள். அந்த நான்கு பாடங்களைத் தனித்தனியே பொறுக்கி எடுக்க இயலாது. தொகுதியாகவே எடுக்க வேண்டும். அறிவியலில் 9, மானிடவியலில் 32, வணிகவியலில் 4 என 45 தொகுதிகள் வகுக்கப்பட்டுள்ளன. இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் ஆகிய நான்கும் அடங்கியது 01 எண் தொகுதி. உயிரியலுக்குப் பதிலாகக் கணினி அறிவியல் வந்தால் அது 05. வணிகப் படிப்பு, கணக்குப்பதிவியல், பொருளியல், கணினிப் பயன்பாடு ஆகியவை சேர்ந்தது 39. மானிடவியல் தொகுதிகள் சிலவற்றில் ஒரு மொழியே நான்காம் பாடமாகவும் இடம்பெறுகிறது.

மேலோட்டமாகப் பார்த்தால் 01, 05 ஆகிய தொகுதிகளுக்கு இடையே வேறுபாடு ஒரு பாடமே. அந்த ஒரு பாடம் ஒரு வாயிலைத் திறக்கிறது அல்லது மூடுகிறது. உயிரியல் படிக்காதவர் மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வின் தகுதியை இழக்கிறார். கணிதம் படிக்காதவர் பெரும்பாலான பொறியியல் படிப்புகளுக்குச் செல்ல இயலாது. 01 தொகுதி இரு வாயில்களையும் திறந்து வைத்திருக்கிறது. அதற்கு ஈடாக நான்கு கனமான பாடங்களைச் சுமக்கச் செய்கிறது. ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று அதில் சேர்ந்து, இரண்டு ஆண்டுகள் இடர்ப்படும் மாணவர் ஒவ்வொரு பள்ளியிலும் உண்டு. மூடிய வாயில் சில சமயம் மீண்டும் திறப்பதும் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பை முடித்த பின்னர் உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறியவரும் நீட் தேர்வை எழுதலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்தது. இருப்பினும் அவ்வாறு திரும்பி வருபவருக்கு ஓராண்டேனும் செலவாகும்.

கேரளத்தில் பிளஸ் ஒன் சேர்க்கை ‘ஏகஜாலகம்’ எனப்படும் ஒற்றைச் சாளர முறையில் இணையத்தின் வழியே நடைபெறுகிறது. 2007இல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் அது முதலில் சோதித்துப் பார்க்கப்பட்டது. மறு ஆண்டு மாநிலமெங்கும் பரவியது. எனவே இம்முறையை முதன்முதலில் கண்டவர்களுள் நெய்யாற்றின்கரை வட்டத்து மாணவரும் அடங்குவர். வீட்டில் கணினி இல்லாதவர் ஊரில் உள்ள அக்ஷயா மையத்துக்குச் சென்று விண்ணப்பிக்கின்றனர். அங்கு வரிசை நீளும். பின்னால் நிற்பவர்கள் அவசரப்படுத்துவர். அந்த இடத்தில் நின்றுகொண்டு பாடத்தைத் தேர்வது நல்ல முறையன்று. வீட்டிலேயே தாளில் எழுதி முடித்துக்கொண்டு செல்ல வேண்டும்.

இம்முறையில் ஒரு பள்ளியும் ஒரு தொகுதியும் சேர்ந்ததே ஒரு விருப்பம். பாறசாலையில் வசிக்கும் மாணவி ஒருத்தி தன் பட்டியலில் முதலாவதாக ஊரருகில் உள்ள பள்ளியின் 01 தொகுதியையும், இரண்டாவதாக நெய்யாற்றின்கரைப் பள்ளி ஒன்றின் 05 தொகுதியையும், மூன்றாவதாக மீண்டும் ஊர்ப் பள்ளியின் 39 தொகுதியையும் எழுதியிருப்பதாகக் கொள்வோம். அவளுக்கு இரண்டாவது விருப்பம் கிடைக்கிறது. அந்நொடியே மூன்றாவது விருப்பம் தானாக நீங்கிவிடும். முதலாவது நிலைத்திருக்கும். அதற்காகக் காத்திருக்க விரும்பினால் அவள் தற்காலிகமாகச் சேர்ந்துகொள்ளலாம். அடுத்த ஒதுக்கீட்டில் முதலாவது கிடைத்தால், இரண்டாவது பள்ளி அவளுக்கு எவ்வளவு பிடித்துப் போயிருந்தாலும் அவ்விடம் அவளுடையதன்று. அதனால் மேலே உள்ள விருப்பம் உண்மையிலேயே மேலானதாக இருத்தல் வேண்டும். ஒதுக்கீடு கிடைத்தும் சேராமல் இருப்பவர் வரிசையிலிருந்தே விலக்கப்படுகிறார். பள்ளி அமைந்துள்ள உள்ளாட்சியிலோ வட்டத்திலோ குடியிருப்பவருக்குக் கூடுதல் புள்ளி தரும் ஏற்பாடும் உண்டு. எல்லைக்கு இப்பால் வீடு இருக்கிறதா, அப்பால் இருக்கிறதா என்பது இங்குப் பொருளுடையதாகிறது.

இத்தனையிலும் மாணவர் பலர் பார்க்க மறப்பது இரண்டாம் மொழியை. மேல்நிலைக் கல்வித் துறையின் மொழிப் பட்டியலில் மலையாளம், இந்தி, அரபு, சமற்கிருதம், கன்னடம், பிரெஞ்சு முதலியவற்றோடு தமிழும் உள்ளது. ஆனால் எல்லாப் பள்ளிகளிலும் எல்லா மொழிகளும் கற்பிக்கப்படுவதில்லை. தொகுதியை மட்டும் பார்த்துப் பள்ளியைத் தேர்ந்த பின்னர் அங்குத் தமிழ் இல்லை என்று அறிந்தால், ஆறாம் வகுப்பு முதல் கற்ற மொழி அங்கேயே நின்றுவிடும். எல்லைக்கு அப்பால், குமரி மாவட்டத்தின் விளவங்கோட்டுப் பகுதியில் வாழும் மலையாளம் பேசும் பிள்ளைகளுக்கும் இதே வினாவே வேறு மொழியில் எழுகிறது.

இனி, பள்ளியில் இல்லாததை இணையம் தருமா என்று பார்க்கலாம். கேரளத்துக்கு இணையவழிக் கல்வி புதிதன்று. 2005 ஜூலை 28 அன்று குடியரசுத் தலைவர் ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் திருவனந்தபுரத்தில் ‘விக்டர்ஸ்’ என்னும் கல்வி அலைவரிசையைத் தொடங்கி வைத்தார். பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடியிருந்தபோது, 2020 ஜூன் 1 அன்று அதே அலைவரிசையில் ‘ஃபர்ஸ்ட் பெல்’ வகுப்புகள் தொடங்கின. தமிழ்வழி, கன்னடவழி மாணவருக்கும் பாடங்கள் ஆயத்தமாயின. அக்காலத்தில் இணையவழிப் படிப்பு கட்டாயமாக இருந்தது. வேறு வழி இல்லை. இப்போது அது விருப்பத்தால் மேற்கொள்வது.

மத்திய அரசின் ‘ஸ்வயம்’ தளம் 2017 ஜூலை 9 அன்று தொடங்கப்பட்டது. காணொளி விரிவுரை, படிக்கும் பொருள், தன்மதிப்பீட்டுத் தேர்வு, ஐயம் தீர்க்கும் உரையாடல் என நான்கு கூறுகளாக அதன் பாடங்கள் அமைகின்றன. பள்ளி மாணவருக்கான பாடங்களை என்.சி.இ.ஆர்.டி. நிறுவனமும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனமும் வழங்குகின்றன. அதே ஆண்டு செப்டம்பர் 5 அன்று வந்த ‘தீக்ஷா’ தளமோ பாடநூலோடு இணைந்தது. களியக்காவிளையில் படிக்கும் உறவினரின் தமிழ்நாட்டுப் பாடநூலில் உள்ள கட்டக் குறியீட்டைச் செல்பேசியில் காட்டினால், பாறசாலையில் இருந்தும் அந்தத் தமிழ்ப் பாடத்தின் காணொளியைப் பார்க்கலாம். அறிவு எல்லைச் சாவடியில் நிற்பதில்லை.

மதிப்பெண் பட்டியல் எல்லையில் நிற்கிறது. இணையப் படிப்பை முடித்தவர்க்குக் கிடைப்பது ஒரு சான்றிதழ். அது அவர் கற்றதை உறுதி செய்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் அது தனிப் பாடமாக ஏறுவதில்லை. ‘ஸ்வயம்’ தளத்தில் பதினோராம் வகுப்பு உயிரியலை முழுவதும் படித்தவர்கூட, வாரியத் தேர்வில் உயிரியல் எழுதவில்லையெனில், உயிரியல் படித்தவராகக் கொள்ளப்படமாட்டார். செய்முறையும் மற்றோர் இடர். மத்திய வாரியத்தின் இயற்பியலில் 100 மதிப்பெண்களுள் 30 செய்முறைக்கு உரியவை. அமிர்தா பல்கலைக்கழகமும் சி-டாக் நிறுவனமும் உருவாக்கிய இணைய ஆய்வகத்தில் சோதனைகளைத் திரையில் செய்து பழகலாம்; எனினும் தேர்வு நாளில் கருவிகளைக் கையில் எடுத்தே ஆகவேண்டும்.

பிற நாடுகளில் நிலைமை எல்லா இடத்தும் இவ்வாறு இல்லை. தமிழர் மிகுதியாக வாழும் டொரன்டோ நகரம் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ளது. அங்கு உயர்நிலைப் பள்ளிச் சான்று பெற 30 பாட அலகுகள் வேண்டும். ஓர் அலகு என்பது 110 மணி நேரப் படிப்பு. 2020-21இல் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர் முதல், அவற்றுள் இரண்டையேனும் இணையவழியில் படித்தல் வேண்டும் என்னும் விதி வந்தது. வேண்டாம் என்று விலகிக்கொள்ளும் உரிமையும் தரப்பட்டுள்ளது. அங்கு இணையப் பாடம் பள்ளிக் கணக்கிலேயே சேர்கிறது. ஆகவே டொரன்டோவில் வாழும் உறவினர் ‘இணையத்தில் ஒரு பாடம் முடித்துவிட்டேன்’ என்று சொல்வதற்கும், நெய்யாற்றின்கரை மாணவர் அதையே சொல்வதற்கும் பொருள் ஒன்றல்ல.

இந்தியாவில், பள்ளிக்கு வெளியே படித்தும் வாரிய மதிப்பெண் பெற விரும்புவோர்க்குத் திறந்தநிலைப் பள்ளி உள்ளது. 1989இல் தேசியத் திறந்தநிலைப் பள்ளியாகத் தொடங்கிய நிறுவனம் 2002இல் இன்றைய பெயரைப் பெற்றது. ஒரு மொழி உட்பட ஐந்து பாடங்களில் தேறினால் அது சான்றிதழ் வழங்கும். அவற்றை ஐந்தாண்டுக் காலத்துக்குள் ஒவ்வொன்றாக எழுதி முடிக்கலாம். குறிப்பிட்ட சில பாடங்களுக்கு மட்டும் பதிவு செய்யும் வழியும் உண்டு. அதன் இடைநிலைப் பாடப்பட்டியலில் தமிழுக்கு உரிய எண் 237. கேரள அரசும் 1999இல் தனியே திறந்தநிலைப் பள்ளியைத் தொடங்கியது. அது இன்று ‘ஸ்கோல் கேரளா’ என்னும் பெயரில் இயங்குகிறது. பிளஸ் ஒன் இடம் கிடைக்காதவருக்கு அது துணையாகிறது. பள்ளியில் சேர்ந்து படித்துக்கொண்டே வேறொரு வாரியத்திலும் பதிவு செய்ய நினைப்பவர், அதற்கு முன் பள்ளி முதல்வரைக் கேட்டல் வேண்டும்.

மதிப்பெண்ணுக்காக அன்றித் தமிழுக்காகவே தமிழ் படிக்க விரும்புவோர்க்குத் தமிழ் இணையக் கல்விக்கழகம் இருக்கிறது. தமிழ்நாட்டு அரசு 2001 பிப்ரவரி 17 அன்று அதைத் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் என்னும் பெயரில் தொடங்கியது. வெளிமாநிலங்களிலும் வெளிநாடுகளிலும் வாழும் தமிழரின் பிள்ளைகளை மனத்திற்கொண்டு எழுந்த நிறுவனம் அது. அடிப்படை, இடைநிலை, மேல்நிலை என அதன் சான்றிதழ்க் கல்வி படிப்படியாக அமைந்துள்ளது. பிளஸ் ஒன்னில் தமிழ் கிடைக்காத மாணவருக்கு இது பொருத்தமான வழி. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு 2022 முதல் நடைபெறும் பொது நுழைவுத் தேர்வில் மொழித்தாளாகத் தமிழையும் எழுதலாம் என்பதால், விடாமல் படித்த தமிழ் அங்கேயும் உதவும்.

அறிவியல் எடுத்தவர்க்குத் தமிழ் எதற்கு என்று கேட்பவர் உண்டு. திருவனந்தபுரத்தில் பிறந்து வளர்ந்த நீல. பத்மநாபன் கேரள மின்வாரியத்தில் பொறியாளராகப் பணியாற்றியவர். அவர் எழுதிய ‘தலைமுறைகள்’ புதினம் 1968இல் வெளிவந்தது. ‘இலையுதிர் காலம்’ 2007ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. பகலில் மின்சாரமும் மாலையில் தமிழுமாக வாழ்ந்த அவருக்கு எது கட்டாயப் பாடம், எது விருப்பப் பாடம் என்று பிரித்துச் சொல்வது எளிதன்று. கலை, அறிவியல் என்னும் பிரிவுகளுக்கு இடையே உள்ள சுவரைத் தளர்த்த வேண்டும் என்று தேசியக் கல்விக் கொள்கை 2020 கூறுகிறது. 2023இல் வந்த தேசியக் கலைத்திட்டச் சட்டகம் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புகளில் இரண்டு மொழிகளையும், அவற்றுள் ஒன்றேனும் இந்திய மொழியாக இருப்பதையும் பரிந்துரைக்கிறது. அவை பள்ளிகளை எட்டக் காலம் ஆகும். இவ்வாண்டு பத்தாம் வகுப்பு எழுதியவர் அதுவரை காத்திருக்க முடியாது.

ஏகஜாலகத்தில் முதல் ஒதுக்கீட்டுக்கு முன்னர் ஒரு முன்னோட்ட ஒதுக்கீடு வெளியிடப்படும். எந்தப் பள்ளியும் எந்தத் தொகுதியும் கிடைக்கக்கூடும் என்பதை அது காட்டும். அதன்பின் மிகச் சில நாள்கள் பட்டியலைத் திருத்த இடமுண்டு. விருப்பங்களை மாற்றலாம், மேலும் கீழுமாக நகர்த்தலாம், வேறு பள்ளிகளைச் சேர்க்கலாம். ஒவ்வொரு பள்ளிக்கும் தொலைபேசியில் அழைத்து இரண்டாம் மொழியாகத் தமிழ் உண்டா என்று கேட்பதற்கும் அந்நாள்களே கடைசி வாய்ப்பு. சேர்க்கை நாளில் பள்ளி அலுவலகத்தில் இரண்டாம் மொழி எது என்று கேட்பார்கள். முன்பே கேட்டறியாத மாணவர், அங்கு எது இருக்கிறதோ அதைச் சொல்லிவிட்டுக் கையெழுத்திட்டு வருவார்.